கார்குழலி என்று யாருமே இல்லை

பெற்ற பிள்ளைக்குப் பெயர் தேடும் காலத்தில் எந்தத் தகப்பனும் முழுப் புத்தியோடு இருப்பதில்லை. மற்றவர்களுக்கு அது நாலைந்து நாளில் தெளிந்துவிடும். எனக்குத் தெளிய ஒரு பந்தல், ஒரு மைக் செட், பத்தடிக்கு ஆறடி ஃபிளெக்ஸ் பேனர், போதாக்குறைக்கு இரண்டு பக்கத்துச் சொந்தபந்தமும் தேவைப்பட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பெயர்தான். செந்தில்குமார். நான் படித்த வகுப்பில் மட்டும் ஐந்து செந்தில்கள். வாத்தியார் "டேய் செந்தில்!" என்று அதட்டினால் ஐந்து பேரும் எழுந்து நிற்போம். யார் குற்றவாளி என்று விசாரிக்கச் சோம்பல்பட்டு ஐந்து பேருக்கும் கொடுத்துவிடுவார். எங்கள் வயலில் பம்புசெட்டு இருந்ததால் நான் 'பம்புசெட்டு செந்தில்' ஆனேன். அந்த மோட்டாரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றும் பூதலூர் ஸ்டேஷன் பக்கம் வந்து வெறும் செந்தில் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

பிழைப்பும் பெயரோடுதான். பூதலூரில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். சிட்டா, அடங்கல், வருமானச் சான்று, மானிய விண்ணப்பம் என்று நாள் முழுக்க அடுத்தவர் பெயரை அடித்துக்கொண்டே இருப்பேன். திரும்பின பக்கமெல்லாம் பிரியா, திவ்யா, கார்த்திக். (என் மனைவியும் திவ்யாதான். போனில் 'திவ்யா வீடு' என்று பதிந்திருக்கிறேன். அடுத்த வரியில் 'திவ்யா ஜெராக்ஸ்' என்று ஒரு வாடிக்கையாளர். "வரும்போது வெங்காயம் வாங்கிட்டு வரவாடி?" என்று அவருக்கு ஒரு முறை அனுப்பிவிட்டேன். அவர் நல்லவர், "அரைக் கிலோ" என்று பதில் போட்டார்.)

ஆகையால் மகள் பிறந்ததும் சபதம் எடுத்தேன். இவளுக்கு வைக்கிற பெயர் இந்தத் தஞ்சாவூர் ஜில்லாவில் இன்னொருத்திக்கு இருக்கக் கூடாது.

இரண்டு மாதம் தேடினேன். கடைக்கு வருகிறவர்கள் விண்ணப்பத்தோடு காத்திருக்க, நான் பெயர் இணையதளங்களில் மேய்ந்துகொண்டிருப்பேன். பிடித்த பெயர் ஒன்று கிடைத்தால், அதற்குள் அது எங்கேயோ ஒரு எல்.கே.ஜி.யில் உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு மத்தியானம், எந்தத் தளத்தையும் பார்க்காமல் இருக்கும்போது, தானாக ஒரு பெயர் மனசுக்குள் வந்து நின்றது. கார்குழலி. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கடைக்குள் இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

உடனே இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். அங்கே இப்படி இருந்தது: பொருள், கார்மேகம் போன்ற கூந்தலை உடையவள். தோற்றம், தமிழ். பிரபலம், மிக மிக அரிது. தற்போது வழக்கில் இல்லை. குணம், இந்தப் பெயர் கொண்டவர்கள் அமைதியானவர்கள், யார் மனமும் நோகப் பேச மாட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. (என் மகளுக்கு அப்போது மேகமும் இல்லை, கூந்தலும் இல்லை. தேய்த்து வைத்த செம்பு போல இருந்தது தலை. அதெல்லாம் வளரும் என்று விட்டுவிட்டேன்.)

திவ்யாவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கும் பிடித்திருந்தது. வேறு யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஏனென்றால் என் பெரியப்பா மகன் தன் பிள்ளைக்கு எடுத்து வைத்திருந்த பெயரை வளைகாப்பிலேயே உளறிவிட, பத்து நாள் முந்திப் பிறந்த பங்காளி வீட்டுப் பிள்ளை அதைத் தட்டிக்கொண்டு போனது. அந்தத் தவறை நான் செய்ய மாட்டேன் என்று இறுமாந்திருந்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்ய இருந்தேன்.

இப்போது ராணியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் ஒரே தங்கை வசந்தியைத் திருப்பனந்தாள் பக்கத்தில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமியார்தான் ராணியம்மா. அறுபது வயசு. இரண்டு நெல் அறுவடை மெஷின் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். டிரைவர் வண்டியைச் சேற்றில் இறக்கிவிட்டு முழித்தால், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நின்று ஒரு சத்தம் போடுவார். வண்டி பயத்திலேயே மேலே ஏறிவிடும். அவருடைய கணவர் பரம சாது. வீட்டில் அவர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு பொங்கலுக்கு வசந்தியோடு வந்த ராணியம்மா, மூன்றாவது மெஷினுக்கு மானியம் கேட்டு என் கடையிலேயே விண்ணப்பம் போடலாம் என்று வந்து உட்கார்ந்தார். நானும் அவருடைய ஆதாரைப் பார்த்து மளமளவென்று அடித்துக்கொண்டே வந்தேன். நிலம் கணவர் பெயரில் இருந்தது. கடையில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன்: "உங்க பேர்ல ஒண்ணும் வராதுங்க. வீட்டு ஆம்பளைய வரச் சொல்லுங்க."

ராணியம்மா காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அடுத்த ஒன்றரை வருஷம் வசந்தி பிறந்த வீட்டுக்கு வரவில்லை. பொங்கல் சீரை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, மரியாதையாகவே வழியனுப்பிவிடுவார்கள். என் மகள் பிறந்தபோதும் வசந்தி வரவில்லை. போனில் பிள்ளையைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரிண்ணே, வேலை கெடக்கு" என்று வைத்துவிட்டாள். அழுவது எனக்குத் தெரியக் கூடாதாம். நான் ஒரே ஒரு வாக்கியத்தில் என் தங்கையைத் தொலைத்திருந்தேன்.

மூன்றாம் மாதம் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து பெயர் வைக்க ஏற்பாடு. எங்கள் பக்கம் பிள்ளையின் காதில் பெயரை மூன்று முறை சொல்வது அத்தையின் உரிமை, அதாவது தகப்பனுடன் பிறந்தவளின் உரிமை. வசந்தி வராமல் பெயர் வைக்க முடியாது. அம்மாவும் நானும் பழத்தட்டோடு போனோம். நான் ராணியம்மா காலில் விழுந்தேன். மெஷின் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார்.

"எந்திரிப்பா. புள்ளைக்குப் பேரு வைக்கிற காரியம், வராம இருப்போமா? என்ன பேரு?"

"அது சர்ப்ரைஸுங்க."

"சரி, நல்ல பேரா வையி."

(அன்றைக்கு வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

விழா நாள். வாசலில் பந்தல். பேனர் மேல் ஒரு பட்டுப் புடவையைப் போர்த்தி வைத்திருந்தேன். முன்வரிசை நடுவில் ராணியம்மா, பக்கத்தில் அவருடைய கணவர், அவர் பக்கத்தில் என் மாப்பிள்ளை, அதாவது வசந்தியின் கணவர். வசந்தி வந்து பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என் தோளில் ஓர் அடி வைத்தாள். ஒன்றரை வருஷத்துப் பாரம் அந்த அடியில் இறங்கியது. அதோடு நான் வாயை மூடிக்கொண்டு பந்தியைக் கவனிக்கப் போயிருக்க வேண்டும்.

வசந்தியிடம் மடித்த துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது. என்னைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, இத நான் சொல்ல மாட்டேன்."

எங்கள் ஊரில் அத்தைக்காரி பெயர் சொல்லும் முன் மோதிரம் கொடு, புடவை கொடு என்று முரண்டு பிடிப்பது வழக்கம்தான். இதுவும் அந்த விளையாட்டு என்று நினைத்து நான் மைக்கை எடுத்தேன்.

"என் தங்கச்சி வாயத் தொறக்க மாட்டேங்குது. என்னம்மா வேணும்? மோதிரமா, செயினா?"

பந்தல் சிரித்தது. வசந்தி கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "அண்ணே, மைக்க வையிண்ணே. ஒன்னக் கும்புடுறேன், வீட்டுக்குள்ள வா, சொல்றேன்."

மனுஷனாகப் பிறந்தவன் அங்கேயாவது நிறுத்தியிருப்பான். எனக்கோ நாள்கணக்கில் மனப்பாடம் செய்த பேச்சு தொண்டை வரை நின்றது. சீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். புடவையை இழுத்தேன். பேனரில் என் மொட்டைத்தலை மகளின் படத்துக்கு மேலே முழ உயர எழுத்தில் 'கார்குழலி'. மைக் செட்டுக்காரர் எக்கோவை வேறு தூக்கி வைத்திருந்தார்.

"கார்குழலி! பொருள், கார்மேகம் போன்ற கூந்தல் உள்ளவள். சுத்தமான தமிழ்ப் பேரு. ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சேன். இந்தப் பேரு வேற யாருக்கும் கெடையாது. முன்னாடி எப்பயோ இருந்திருக்கலாம். இப்ப இந்தப் பேர்ல உள்ளவங்க யாருமே உயிரோட இல்ல!"

"இல்ல... இல்ல... இல்ல..." என்றது ஸ்பீக்கர்.

கைதட்டல் எங்கள் பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. மாப்பிள்ளை கையிலிருந்த ரோஸ் மில்க் டம்ளர் சாய்ந்து அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. சாதுவான சம்பந்தி, வாழ்க்கையில் முதல் முறையாக, எழுந்து நின்றார். ராணியம்மா அவருடைய கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் தானே எழுந்தார்.

நேராக மேடைக்கு வந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"நான் உயிரோடதான் இருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் கைப்பைக்குள் கையை விட்டார். அரிவாள் எடுக்கிறார் என்று நினைத்து ஓரடி பின்னால் போனேன். (அத்தனை சின்னப் பையில் அரிவாள் அடங்காது என்று அப்போது தோன்றவில்லை.) ஆதார் அட்டையை எடுத்து மைக்கோடு சேர்த்து என் முன் நீட்டினார்.

"படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

படித்தேன். முதல் வரியைப் படிக்கும்போதே என் குரல் எனக்கே கேட்கவில்லை. எக்கோ மட்டும் தன் கடமையைச் செய்தது. "குழலி... குழலி... குழலி..."

கல்யாணப் பத்திரிகையிலேயே 'இராணி அம்மாள்' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். ஊரில், சொந்தத்தில், மெஷின் டிரைவர்கள் வாயில், எல்லா இடத்திலும் ராணியம்மாதான். அந்தப் பெயர் ஆதாரில் மட்டும் இருந்தது. எங்கள் பக்கத்தில் அது தெரிந்த ஒரே ஆள் வசந்தி. நெல் கொள்முதல் நிலையத்தில் மாமியாருக்காகப் படிவம் எழுதுகிறவள் அவள்தான். எழுதலாம், வாயால் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் மாமியார் பெயரையும் உச்சரிப்பதில்லை. வசந்தி எம்.எஸ்சி. கணக்கு படித்தவள். பேங்க்கில் கணவர் பெயர் கேட்டால் இன்னமும் செல்போனில் அடித்துக் காட்டுவாள். அப்படிப்பட்டவளை, மாமியார் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, மாமியார் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவள் மறுத்ததும், அந்த மாமியார் செத்துப்போய்விட்டதாக நானே ஊருக்கு அறிவித்திருக்கிறேன்.

வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். வசந்தி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள். இனி இந்தப் பிள்ளையை எப்போது பார்ப்போமோ என்று அவள் நினைப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"ராணியம்மா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நெட்டுல பாத்தேன்..."

"நெட்டுலயா பாத்த?" அவர் மைக்கைக் கீழே இறக்கவே இல்லை. "ஏம்ப்பா செந்திலு, ஒங்கடையில ஒக்காந்து இந்தப் பேரை நீதான அடிச்ச? அடிச்சுட்டு, ஒங்க பேர்ல ஒண்ணும் வராதுன்னியே. இப்பப் பாரு, ஒம் பொண்ணே எம் பேர்ல வந்துருக்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் லேசாக, பிறகு மூச்சுத் திணறும் அளவுக்கு. நான் அவர் சிரித்து அதுவரை பார்த்ததில்லை. பந்தலில் யாருக்கும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. மாப்பிள்ளைதான் முதலில் ஆரம்பித்தார். அப்புறம்தான் தன் வேட்டியைப் பார்த்தார்.

சிரித்து முடித்து ராணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கப்பா வச்ச பேரு இது. தமிழ்னா உசிரு அவருக்கு. கல்யாணமாகி வந்த அன்னைக்கே எம் மாமியா, இதெல்லாம் வாயில நொழையாது, ராணின்னு கூப்புட்டுக்குறோம்னுட்டாங்க. அந்த வீட்டுல ஒரு மாடு நின்னுச்சு. அதுக்கும் ராணிதான். கொல்லையிலேர்ந்து கூப்புட்டா நானும் எந்திரிப்பேன், அதுவும் எந்திரிக்கும். எங்கப்பா போனதுக்கப்பறம் எம் பேரை ஒருத்தர் வாயால கேட்டது இன்னைக்குத்தான். அதுவும் எக்கோவோட."

பிறகு பின்கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அது எலுமிச்சங்காய் அளவுக்கு இருந்தது. "மேகந்தான் கலஞ்சு போச்சு" என்றார்.

வசந்தி பக்கம் திரும்பினார். "என்னடி நிக்கிற? பேரைச் சொல்லு."

"எப்புடி அத்த சொல்லுவேன்? நீங்களே சொல்லிருங்க."

"அத்தக்காரி நீயி. நாஞ் சொல்லுறேன்ல, சொல்லு."

வசந்தி குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள். ஒரு தரம் சொல்வதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. இரண்டாவது தரம் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது தரம் ராணியம்மா, "சத்தமாடி!" என்று ஒரு அதட்டல் போட்டார். சேற்றில் இறங்கிய மெஷின் மேலே ஏறுமே, அந்த மாதிரி வந்தது: "கார்குழலி!" பிள்ளை வீறிட்டு அழுதது. நானும் அழுதேன். மனைவி, தங்கை, சம்பந்தி எல்லோரும் பார்க்க, மேடையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு நிம்மதியை அதற்கு முன்னும் நான் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை.

மறுநாள் கடைக்குப் போய் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'ராணியம்மா' என்று ஒரு ஃபைல் இருந்தது. உள்ளே பாதியில் விட்ட விண்ணப்பம். பெயர் என்ற கட்டத்தில், என் கையால் அடித்த கார்குழலி. தெய்வ அருளாக வந்த பெயர் எந்த வழியாக வந்தது என்று விளங்கியது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். நிலத்துக்குச் சம்பந்தியிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணைத்து, அந்த விண்ணப்பத்தை அவர் மனைவி பெயரிலேயே முழுசாக நிரப்பி அனுப்பினேன். கொஞ்ச நாள் அலைந்ததில் மெஷினும் வந்தது. அதன் முன்பக்கம் 'கார்குழலி' என்று மஞ்சள் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். மகள் அது தன் வண்டி என்கிறாள். அவரும் தன் வண்டி என்கிறார். இதில் நான் தலையிடுவதில்லை.

வசந்தி இப்போது பொங்கலுக்கு வருகிறாள். சும்மா வெள்ளிக்கிழமைக்கும் வருகிறாள். மாமியார் கூடவே இருந்தால் என் மகளைப் பேர் சொல்லித் திட்ட முடியாமல் "ஏய்... ஏய்..." என்று தவிப்பாள். ராணியம்மாவை இப்போது யாரும் ராணியம்மா என்று கூப்பிடுவதில்லை. (பழக்கதோஷத்தில் நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.) டிரைவர்கள் முதல் கொள்முதல் நிலைய எழுத்தர் வரை குழலியம்மாதான். போன் செய்தால் "யாரு?" என்று கேட்க விட மாட்டார். "உயிரோட இருக்குறவ பேசுறேன்" என்பார். எந்த விசேஷத்திலாவது நான் மைக் பக்கம் போனால் மாப்பிள்ளை கத்துவார்: "மச்சான், மொதல்ல யாரு யாரு உயிரோட இருக்காங்கன்னு எண்ணிக்கிட்டுப் பேசுங்க!"

அந்தப் பெயரின் அபூர்வமும் போய்விட்டது. யாரோ பேனரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட, கதை பரவி, சுற்றுவட்டாரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அதையே வைத்துவிட்டார்கள். என் மகள் வகுப்பில் மூன்று கார்குழலிகள். இவளை 'மெஷின் கார்குழலி' என்கிறார்களாம். கேட்டபோது எனக்குப் பழைய இடத்தில் வலித்தது.

போன வருஷம் இரண்டாவது மகள் பிறந்தாள். இந்த முறை சபதமும் இல்லை, சர்ப்ரைஸும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தே எல்லோருக்கும் போன் போட்டு யோசனை கேட்டேன். குழலியம்மா சொன்னார்:

"ராணின்னு வையேன்ப்பா. அந்தப் பேரு இப்ப சும்மாத்தான் கெடக்கு."

அப்படியே வைத்துவிட்டோம். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகளில் ராணி என்று இவள் ஒருத்திதான். (வீடு வீடாக விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.)